ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்ல இன்ஹேலர் குடுத்துட்டு ஏன் மறுபடி ஊதச் சொல்றாங்க?

நுரையீரல்ல இருந்து எவ்ளோ காத்து, எவ்ளோ வேகமா வெளிய வருதுன்னு அளக்குறதுதான் ஸ்பைரோமெட்ரி. மூக்குல கிளிப் மாட்டிட்டு, மூச்சை ஃபுல்லா இழுத்து, பக்கத்துல நிக்கிறவங்க "ஊதுங்க ஊதுங்க, நிறுத்தாதீங்க"ன்னு கத்த கத்த காத்து தீர்ற வரைக்கும் ஊதணும், அதுவும் குறைஞ்சது 3 தடவை, கண்ணு முழி பிதுங்கிடும்.

இதுல முதல் 1 செகண்ட்தான் ஹீரோ. நல்ல நுரையீரல்னா மொத்தக் காத்துல முக்கால்வாசி அதுக்குள்ளயே வந்துடும், 70 சதவீதத்துக்குக் கீழ போனா மூச்சுக்குழாய் சுருங்கியிருக்குன்னு சந்தேகப்படுவாங்க. ஊதின பலூனோட வாயை விரலால அழுத்திப் பிடிச்சுப் பாருங்க, உள்ள இருக்குற காத்து அதேதான் ஆனா வெளிய வர நேரம் எடுக்கும்ல, அதேதான் இங்கயும்.

சரி, மறுபடி எதுக்கு? சுருங்கின குழாய் மருந்துக்கு விரியுதான்னு பாக்கத்தான். சால்பியூட்டமால்ங்கிற, குழாயை விரிக்கிற இன்ஹேலர் மருந்தைக் குடுத்து சுமார் 15 நிமிஷம் கழிச்சு ஊதினா, அந்த முதல் செகண்ட் அளவு 12 சதவீதமும் கூடவே 200 மில்லியும் ஏறுச்சுன்னா ஆஸ்துமா பக்கம் சாயும், ஏன்னா குழாயைச் சுத்தி இறுகின தசையை மருந்து தளர்த்திடுது. மருந்துக்கப்புறமும் முதல் செகண்ட்ல வர்ற பங்கு அந்த 70 சதவீதத்தை எட்டலைன்னா சிஓபிடியான்னு (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) யோசிப்பாங்க, அதுல பெரும்பாலும் வருஷக்கணக்கா புகை பட்டு குழாயே சேதமாயிருக்கும்.

ரிப்போர்ட் நார்மல், அப்போ ஆஸ்துமாவே இல்லன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அப்படி இல்லங்க, ஆஸ்துமா வந்து வந்து போற விஷயம், டெஸ்ட் எடுத்த அன்னிக்கு குழாய் நல்லா திறந்திருந்தா ரிப்போர்ட்டும் நார்மலாத்தான் வரும்.