'ஃபெயில்டு' என்று வந்தால் டிஸ்க் போய்விட்டதா?

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் ஒரே கணினியில்தான் இருக்கின்றன. மதர்போர்டில் உள்ள இன்டெல் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ஏற்பாடு) மூலம் இரண்டு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளை மிரர் செய்திருக்கிறேன்; இரண்டிலும் ஒரே தரவு பதிவாகும். ஐந்து மாதத்தில் இரண்டு முறை, கீழே உள்ள டிஸ்க் 'ஃபெயில்டு' என்று வந்து, புதிது வாங்கிப் போட்டேன். கழற்றியவற்றைக் கடையில் சோதித்தால் நன்றாக இருக்கின்றன என்கிறார்கள். இப்போது மூன்றாவது முறை வந்திருக்கிறது. மறுபடியும் வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள். ஒரே இடத்தில் மூன்று டிஸ்க் அடுத்தடுத்துப் பழுதாவது மிகவும் அபூர்வம். சந்தேகப்பட வேண்டியது அந்த இடத்தை: கேபிள், மின் இணைப்பு, கேபிளைச் செருகும் மதர்போர்டின் சாட்டா போர்ட்.

'ஃபெயில்டு' என்றால் குறித்த நேரத்துக்குள் டிஸ்க்கிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை என்றுதான் பொருள். ஏன் வரவில்லை என்பது ரெய்டுக்குத் தெரியாது.

எதையும் தொடுமுன், நல்ல நிலையில் உள்ள டிஸ்க்கிலிருந்து கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். இப்போது உங்கள் தொழில் முழுக்க ஒற்றை டிஸ்க்கில் நிற்கிறது. இதை நாளைக்குத் தள்ள வேண்டாம்.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இரண்டு டிஸ்க்குகளையும் பாருங்கள். டிஸ்க் தன் நிலையைப் பற்றி வைத்திருக்கும் பதிவு அதில் வரிவரியாகத் தெரியும். சி7 என்ற வரி (பத்தடிமானத்தில் 199) கேபிள் வழியாகத் தரவு சிதைந்து வந்த முறைகளின் எண்ணிக்கை. 05, சி5 வரிகள் டிஸ்க்கின் தட்டில் உள்ள பழுதைச் சொல்பவை. 05-உம் சி5-உம் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறியிருந்தால், குற்றவாளி பெரும்பாலும் கேபிள்தான். ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மென்பொருள் மூல மதிப்பைப் பதினாறடிமானத்தில் காட்டும்; அங்கே 64 என்றால் நூறு. சி7 எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. அதனால் இன்றைய எண்ணைத் தாளில் எழுதி வைத்து, கேபிளை மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். பக்கத் தகடு மூடும்போது அழுத்தி, டிஸ்க்கின் வாயிலேயே கேபிள் மடங்கியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். விரலால் லேசாக அசைத்தாலே இணைப்பு ஆடும். உலோகக் கொக்கி உள்ள புதுக் கேபிளுக்குச் சில ரிங்கிட்தான் ஆகும். மின் இணைப்பில் ஒன்றை இரண்டாக்கும் பிரிப்பான் இருந்தால் எடுத்துவிட்டு, பவர் சப்ளையிலிருந்து வரும் வேறொரு கம்பியை நேராகச் செருகுங்கள். செருகியின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அதை மறுபடி பயன்படுத்தவே கூடாது. கேபிள், மின் கம்பி, போர்ட் என ஒவ்வொன்றாக மாற்றிச் சில நாள் ஓட விடுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

சி7 அசையாமல் இருந்தும் ரெய்டிலிருந்து டிஸ்க் கழன்றுகொண்டால், டிஸ்க்கின் ரகத்தைப் பாருங்கள். சாதாரண மேசைக்கணினி டிஸ்க், படிக்க முடியாத ஓர் இடத்தில் முட்டினால் நெடுநேரம் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். அதற்குள் ரெய்டு பொறுமை இழந்து அதை விலக்கிவிடும். நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று செய்த டிஸ்க்குகள் ஏறக்குறைய 7 வினாடியில் முயற்சியை நிறுத்திப் பிழையைச் சொல்லிவிடும். அடுத்து எப்போது வாங்கினாலும் அந்த ரகமே வாங்குங்கள். வாங்கும் முன் சிஎம்ஆர் வகைதானா (தட்டில் தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வகை) என்றும் கேளுங்கள். தடங்கள் படியும் எஸ்எம்ஆர் வகை, ரீபில்டின்போது (நல்ல டிஸ்க்கிலிருந்து மற்றதில் மறுபடி நகல் எழுதும்போது) திணறும்.

(இரண்டு டிஸ்க்குமே திடீரென்று தனித்தனியாகத் தெரிந்தால் அது வேறு கதை. மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் ரெய்டு அமைப்பு மாறியிருக்கலாம். விண்டோஸுக்குள் போகாமல் முதலில் அதைத் திருத்துங்கள்.)

ரீபில்ட் தொடங்கும் முன், மிஞ்சியுள்ள டிஸ்க்கின் சி5 பூஜ்யமா என்று கட்டாயம் பாருங்கள். வினாடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் 4 டெராபைட்டை எழுதி முடிக்க 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அந்த ஒரு டிஸ்க் முழுவதுமாகப் படிக்கப்படும். பினாங்கில் மாலை இடி மழை வழக்கம் என்பதால் காலையில் தொடங்குங்கள், யூபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. தொடக்கத் திரையில் டிஸ்க்கை 'நான்-ரெய்டு' ஆக்கும் தேர்வைத் தொடவே வேண்டாம். மிரர் பற்றிய பதிவையே அது அழித்துவிடும். எந்த டிஸ்க் எது என்பதை மேல், கீழ் என்ற இடத்தை வைத்து முடிவு செய்யாமல், லேபிளில் உள்ள வரிசை எண்ணைத் திரையில் வருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கழற்றி வைத்த இரண்டு டிஸ்க்குகளையும் எறிந்துவிடாதீர்கள். ரீபில்ட் முடிந்தபின் ஒவ்வொன்றையும் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். சி5 ஏறாவிட்டால், ஒன்றை வாராந்தர நகலுக்கு வைத்து, வேலை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.