ஒரே பூச்சிக்கு இரண்டு தகுதிநிலைகள்: பால்கனில் எதை நம்புவது?

கேள்வி: பூச்சிகளைப் படமெடுக்க கிரீசுக்கும் பல்கேரியாவுக்கும் வட மாசிடோனியாவுக்கும் செல்லவிருக்கிறேன். சாகா பெடோ என்ற பெரிய வெட்டுக்கிளியை ஓரிடத்தில் 'அழிவாய்ப்பு இனம்' என்றும், மற்றோரிடத்தில் 'தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்' என்றும் குறித்திருக்கிறார்கள். எது சரி? இறந்து கிடப்பவற்றை எடுத்து வரலாமா?

பதில்: இரண்டும் சரியே. முதலாவது, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1996-இல் உலக அளவில் செய்த மதிப்பீடு. இரண்டாவது, 2016-இல் வெளிவந்த ஐரோப்பிய வெட்டுக்கிளிகளின் சிவப்புப் பட்டியல் தருவது. தகுதிநிலையைப் பார்க்கும்போது எந்த ஆண்டு, எந்த நிலப்பரப்பு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிறகற்ற இந்தப் பூச்சி, முள் நிறைந்த கால்களால் பிற வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்கிறது. ஆணின்றியே பெண் முட்டையிட்டு இனம் பெருக்குகிறது. ஐரோப்பாவில் பரவலாக, ஆனால் சிதறலாகவே வாழ்கிறது.

ஆனால் எடுத்து வரலாமா என்பதற்குச் சிவப்புப் பட்டியல் விடை தராது. அது அழியும் அபாயத்தை அளக்கிறதே தவிர, எதையும் தடை செய்வதில்லை. தடை சட்டத்திலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிட ஆணையின் நான்காம் இணைப்பில், அதாவது கண்டிப்பான பாதுகாப்பு வேண்டிய இனங்களின் பட்டியலில், சாகா பெடோ இடம்பெற்றிருப்பதால், கிரீசிலும் பல்கேரியாவிலும் அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் கொண்டுசெல்வதும் குற்றமாகும். உயிருள்ளது, இறந்தது என்ற வேறுபாட்டை அந்த ஆணை பார்ப்பதில்லை. வட மாசிடோனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும், ஐரோப்பியக் காட்டுயிர்களையும் அவற்றின் வாழிடங்களையும் காக்கும் 1979-ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கை அதற்கும் பொருந்தும். இப்பூச்சி அதன் பட்டியலிலும் உண்டு.

கவலை குறைந்த பூச்சிக்கு இவ்வளவு காவல் இருக்க, உண்மையில் விளிம்பில் நிற்பவை இந்த இணைப்புகளுக்கு வெளியே கிடக்கின்றன என்பதுதான் என்னை உறுத்துவது. கிரீசின் எபிரஸ் பகுதி ஈரப்புல்வெளிகளில் மட்டுமே வாழும் கோர்திப்பஸ் லாகுஸ்ட்ரிஸ் என்ற வெட்டுக்கிளி மிக அருகிய இனம். ஆணையின் இணைப்புகளில் அதன் பெயர் இல்லை. வட மாசிடோனியாவில் பிரிலெப் நகரை அடுத்த பிளெட்வார் கணவாய்ப் பகுதியின் வெளிர்நிறப் பாறைகளில், சிறகை மூடினால் கல்லோடு கல்லாகிவிடும் சூடோகசாரா சிங்கோவ்ஸ்கி என்ற வண்ணத்துப்பூச்சியின் நிலையும் அதுவே. 2010-ஆம் ஆண்டு ஐரோப்பிய வண்ணத்துப்பூச்சிகளின் சிவப்புப் பட்டியல் அதை மிக அருகிய இனம் என்கிறது. அதன் பகைவன் வலை வீசும் சேகரிப்பாளனைவிட, அதே பாறையை வெட்டியெடுக்கும் சலவைக்கல் குவாரிதான். கிழக்கு ரோடோப் மலை ஓடைகளின் சோமடோகுளோரா போரிசி என்ற தும்பியோ 2001-இல்தான் அறிவியல் பெயரே பெற்றது. 1992-ஆம் ஆண்டு ஆணையின் பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை.

'தரவு போதாது' என்ற குறிப்பைக் கண்டால் ஆபத்தில்லை என்று கொள்ளாதீர்கள். 2014-ஆம் ஆண்டு ஐரோப்பியத் தேனீக்கள் பட்டியலில் பாதிக்கும் மேற்பட்ட இனங்கள் அந்த நிலையில்தான் இருந்தன.

ஆகவே படம் மட்டும் எடுங்கள். தேதி, இடம், அமர்ந்திருந்த செடி அல்லது பாறை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். சிங்கோவ்ஸ்கி போன்றவற்றின் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் பகிர வேண்டாம். மாதிரி கட்டாயம் தேவையென்றால், அந்தந்த நாட்டின் தேசியப் பாதுகாப்புப் பட்டியலைச் சரிபார்த்து, சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் பயணத்துக்கு முன்பே எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள்.