ஷ்வேஷ்வே துண்டுகளோடு பழைய சேலையைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கவுன் தைத்து மிஞ்சிய ஷ்வேஷ்வே (அந்நாட்டின் அச்சுப் பருத்தித் துணி) துண்டுகளையும் அம்மாவின் நூல் சேலையையும் சேர்த்துப் போர்வை தைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் வெட்டுவதற்கு முன் ஷ்வேஷ்வேயைத் துவைத்தே ஆகவேண்டும். புதுத்துணி அட்டை மாதிரி விறைப்பாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள கஞ்சி. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும்போது துணி கெடாமலிருக்கப் போட்டது. பிறகு தென்னாப்பிரிக்காவிலேயே, கிழக்கு கேப் மாகாணத்தின் சுவெலிட்ஷா ஆலையில் நெய்தபோதும் அந்த வழக்கம் தொடர்ந்தது. கஞ்சி போனால் துணி சுருங்கும். துவைக்காமல் தைத்தால் முதல் அலசலிலேயே ஷ்வேஷ்வே சுருங்கி, பலமுறை துவைத்துப் பழகிய சேலைத் துண்டு உப்பிக்கொண்டு நிற்கும். கருநீல ஷ்வேஷ்வே சாயமும் விடும். தனியாக, குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள்.

சேலை மெல்லியது, இழுபடும். பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்து, இரண்டையும் சேர்த்து நூலோட்டிவிட்டு அப்புறம் சதுரமாக வெட்டுங்கள். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் போதும். தையல் விளிம்பைக் கருநிறத் துணிப் பக்கமே சாய்த்து இஸ்திரி போடுங்கள், இல்லாவிட்டால் வெளிர்ச் சேலை வழியே நீலம் தெரியும். முந்தானைச் சரிகை மட்டும் போர்வைக்கு வேண்டாம், உடம்பில் குத்தும். குஷன் உறைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.