மணி பிளான்ட் இலை நுனி கருகுவது ஏன்? உப்புத் தண்ணீர் ஊரில் வீட்டுக்குள் என்ன செடி வைக்கலாம்?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் புதிதாகக் குடிவந்ததாகவும், தினமும் போர்வெல் தண்ணீர் ஊற்றியும் மணி பிளான்ட் நுனி கருகுவதாகவும், இளம்பச்சையாக இருப்பதால் அது மணி பிளான்ட்தானா என்றே சந்தேகம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்தக் கரைக்காரன்தான். தினமும் ஊற்றுவதுதான் வினையே.

முதலில் செடி எதுவென்று பார்த்துவிடுவோம். இங்கே நர்சரிகளில் கொடியாக ஓடுவதெல்லாம் மணி பிளான்ட்தான். இதய வடிவ இலை பிலோடென்ட்ரானையும் அதே பெயரில்தான் விற்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள், இளம்பச்சை இரண்டிலும் உண்டு. புதுத் துளிர் வரும் இடத்தைக் கவனியுங்கள். மெல்லிய உறைக்குள்ளிருந்து துளிர் வந்து, அந்த உறை பிறகு காய்ந்து தொங்கினால் பிலோடென்ட்ரான். தனி உறை இல்லாமல், பழைய இலைக்காம்பின் மடிப்பிலிருந்தே சுருண்ட இலை வெளிவந்தால் மணி பிளான்ட். காம்பின் மேல்பக்கம் விரலை ஓட்டினால் மணி பிளான்ட்டில் ஒரு பள்ளம் தட்டுப்படும். இலையும் தடிப்பாக இருக்கும். எதுவானாலும் குழந்தைகள் கடிக்காத உயரத்தில் வையுங்கள், இரண்டிலுமே வாயை அரிக்கும் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது.

மணி பிளான்ட்டின் சொந்த ஊர் தாகித்திக்குப் பக்கத்திலுள்ள மூரியா தீவு. தீவுச் செடிக்கு உப்பு தாங்காதா என்று தோன்றும். ஆனால் அது மழை கொட்டும் மலைத்தீவு. நம் ராமேசுவரம் மாதிரி மணல் தீவு இல்லை.

உங்கள் தொட்டியில் நடப்பது இதுதான்: தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மண்ணிலேயே தங்குகிறது. வேர் உறிஞ்சும் உப்பு கடைசியாகப் போய்ச் சேரும் இடம் இலை நுனி, அதனால் அங்கே முதலில் கருகும். மண் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கருகுகிறதே என்று இன்னும் ஊற்றினால் இன்னும் உப்புதான் சேரும். அதைவிட மோசம் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர். வீணாகிறதே என்று பலர் அதைச் செடிக்கு விடுகிறார்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிந்து இருக்கும். வீடு கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பு கிடையாது. சத்தும் கிடையாது என்பதால் அவ்வப்போது கொஞ்சம் மண்புழு உரம் போடுங்கள். மேல்மண் விரல் ஆழத்துக்குக் காய்ந்தபிறகு, அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தொட்டிகளை முற்றத்தில் வைத்தால் சேர்ந்த உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போகும். மழை விட்டதும் உள்ளே எடுத்துவிடுங்கள், நேர் வெயில் இலையைப் பொசுக்கிவிடும்.

தொட்டிக்குக் கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். தென்னை நார்த்தூளிலும் உப்பு இருக்கும், நல்ல தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தடவை பிழிந்து சேருங்கள். நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை. அதைச் சிறு துண்டுகளாக உடைத்துக் கலந்தால் மண் இறுகாமல் இருக்கும்.

புதிதாக வாங்குவதென்றால் ஸ்நேக் பிளான்ட்தான் என் முதல் சிபாரிசு. மேற்கு ஆப்பிரிக்கச் செடி, நம் புதர்க்காட்டு மருள் செடிக்குச் சொந்தம். ஆசையிருந்தால் மருளையே தொட்டியில் வைக்கலாம், அழகில் ஒன்றும் குறைச்சல் இல்லை. அடுத்தது இசட் இசட் பிளான்ட். கிழங்கில் தண்ணீரைச் சேர்த்துவைப்பதால் மறந்துபோனாலும் பிழைக்கும். அக்லோனிமா ஏ.சி. தண்ணீர் கிடைத்தால் நன்றாக வரும். கலாத்தியா, பீஸ் லில்லி இரண்டும் உப்பைத் தாங்காது. குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக் குடிதண்ணீர் கொண்டுவரும் ஊரில், அதைக் கலாத்தியாவுக்கு ஊற்ற எனக்கு மனசு வராது.

காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் பக்க ஜன்னல், வாடைக் காற்றில் வடகடல் பக்கம், இரண்டிலும் இலைமேல் உப்பு படியும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, கத்தரியால் நறுக்கிவிடுங்கள். தண்ணீரை மாற்றியபிறகு வரும் புது இலை நுனிவரை பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.