நிழலில் நின்றுகொண்டு நிழல் தேடியவர்கள்

வாசகி, கும்பகோணம்: தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறேன். என் மகனோ, விழுகிறதே என்று படம் எடுத்து வந்து காட்டுகிறான். யாரை நம்புவது?

மகனை நம்புங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதக் காலை. மணி பத்து இருக்கும். வழிகாட்டி ஒருவர் இருபது பேரைச் சுப்பிரமணியர் சந்நிதி அருகே நிறுத்தி, "இந்தக் கோபுர நிழல் தரையில் விழவே விழாது" என்று முழங்கினார். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். காலடியில் தளம் சில்லென்று இருந்தது. பத்தடி தள்ளி வெயில். வெயிலுக்கு ஒதுங்க அவர் கூட்டத்தை நிறுத்தியிருந்ததே அந்த நிழலில்தான்! (கருவறைக்கு மேல் நிற்பது விமானம், வாசலில் நிற்பதுதான் கோபுரம். அதற்கு இன்னொரு நாள் திட்டுகிறேன்.)

கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை எங்கே பிறந்திருக்கும் என்று ஊகிக்கலாம். விமானத்தின் உயரம் சுமார் 200 அடி. அடித்தளம் பக்கத்துக்குச் சுமார் 100 அடி. நடுவிலிருந்து விளிம்புக்கு 50. மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். உச்சியின் நிழல் நடுவிலிருந்து வடக்கே 130 அடிக்கு மேல் நீண்டு, தாராளமாகத் தரையில் விழும். சித்திரை முதல் ஆடி வரை நண்பகலில் கதை வேறு. ஜூன் 21 அன்றுகூட உச்சி நிழல் தெற்கே 45 அடிதான் போகும்; விமானத்தின் மேலேயே விழுந்து அடங்கிவிடும். பள்ளி விடுமுறையில், மண்டையைப் பிளக்கும் வெயிலில் வந்து பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. அதை ஆண்டு முழுவதற்கும் நீட்டியவர்கள்தான் சொன்னார்கள்.

இன்னொன்று. உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததைக்கூட, 25ஆம் ஆட்சியாண்டு, 275ஆம் நாள், எடை 3,083 பலம் என்று கல்லில் வெட்டி வைத்தவன் ராஜராஜன். கோயிலில் ஆடிப் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரையும் வீட்டையும் விடவில்லை. நிழலைப் பற்றி மட்டும் ஓர் எழுத்து இல்லை. செய்து காட்டிய விந்தையைச் சொல்லாமல் விடுகிற ஆளா அவன்?

மாணவர், மதுரை: அப்படியானால் நிழல் விழாத இடமே உலகில் இல்லையா?

இடம் இல்லை, நேரம் உண்டு. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே உள்ள எந்த ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நண்பகல்களில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தஞ்சைக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒன்று, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் ஒன்று. முற்றத்தில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள்.

குச்சியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் பூமியை அளந்தது இதே வித்தையால்தான். எகிப்தின் சயீனில், இன்றைய அஸ்வானில், ஆண்டின் மிக நீண்ட பகலில், நண்பகலில் நிழல் இல்லை. அதே வேளையில் அலெக்ஸாண்ட்ரியாவில் நிழல் ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு சாய்ந்திருந்தது. இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (அந்தக் காலத்துக் கிரேக்கத் தூர அளவு). ஐம்பதால் பெருக்கி, பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம் என்றார்.

வாசகர், கோவை: பூமி உருண்டை என்று நிரூபித்தது கொலம்பஸ்தானே?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். கொலம்பஸுக்கு சுமார் 1,700 ஆண்டுகள் முந்தைய கணக்கு அது. அவரை எதிர்த்த அறிஞர்கள் பூமி தட்டை என்று வாதாடவில்லை. மேற்கே போனால் ஆசியா அவ்வளவு பக்கத்தில் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. நடுவில் அமெரிக்கா குறுக்கிட்டதால் மனிதர் பிழைத்தார்.