சாவியும் பழமும் – ஒரு வாசகர் கடிதம்

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள அக்கா,

நான் மதுரையில் பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அப்பா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், காலேஜில் பாதி இங்கிலீஷ். ப்ளஸ் டூ லீவில் விளையாட்டாக ஆரம்பித்த ஜப்பானியம் இப்போது பைத்தியமாகிவிட்டது. போன டிசம்பரில் சென்னை போய் ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழிப் பரீட்சையில் என்4 நிலை எழுதிப் பாஸ் ஆனேன். ஆனால் பேச வரவில்லை. கோயில் வாசலில் ஒரு ஜப்பானிய அம்மா செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார். கேள்வி புரிந்தது. கையை நீட்டிக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு ஏஜென்ட், டிகிரியை ஒரு வருடம் நிறுத்திவிட்டு ஜப்பானில் லாங்குவேஜ் ஸ்கூலில் சேரச் சொல்கிறார். ஆறு லட்சம் கேட்கிறார். பார்ட் டைம் வேலை பார்த்தே அதை அடைத்துவிடலாமாம். அம்மா நகையை அடகு வைக்கத் தயார். அப்பா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம், அங்கே போனால் ஆறு மாதத்தில் தானாக வாயில் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிஜமா? போகலாமா?

ர., மதுரை

அன்புள்ள ர.,

அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். கேட்ட கேள்விக்கு முதலில் பதில்: இப்போது போகாதே. அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஜப்பானுக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. நானே கல்லூரி மூன்றாம் ஆண்டில் ஒசாகாவில் ஒரு வருடம் இருந்தவள்தான். அங்கே போனால் தானாக வந்துவிடும் என்று எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

தானாக வரவில்லை. முதல் இரண்டு மாதத்தில் மதுரையிலிருந்து கொண்டுபோனதும் தேய்ந்தது. ஹாஸ்டலில் இருந்தவர்கள் எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள், அவர்களோடு இங்கிலீஷ். சனி ஞாயிறானால் ஒரு தமிழ்க் குடும்பம் சாப்பிடக் கூப்பிடும், அங்கே சாம்பாரும் தமிழும். வகுப்பில் வாத்தியார் எங்களுக்காகவே நிறுத்தி நிதானமாகப் பேசுவார். கடையில் அப்படி யார் பேசுவார்கள்? டப்பாச் சாப்பாட்டை நீட்டினால் கவுன்டரில் இருக்கும் பையன் மூச்சு விடாமல் ஏதோ கேட்பான். நான் எல்லாவற்றுக்கும் ‘ஹாய்’ என்பேன், ஆமாம் என்று அர்த்தம். சுட வைக்கவா என்று கேட்டிருக்கிறான். காய்கறி சாலடும் சேர்ந்து கொதித்து வந்தது.

நவம்பரில்தான் திருப்பம். அது பெர்சிமன் பழக் காலம். பார்க்கத் தக்காளி மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஜப்பானியத்தில் அதற்குக் ‘காகி’ என்று பெயர். சாவிக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். பழத்தில் இரண்டாவது எழுத்து வல்லினமாக, ‘பக்கம்’ என்பதில் வருகிற ககரம் போல. சாவியில் அதுவே மெலிந்து, இங்கிலீஷ் ‘ஜி’ எழுத்தின் ஓசை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், நம் எழுத்தில் அந்த வேறுபாடே கிடையாது. பகல், மகன் என்று சொல்லிச் சொல்லி, நடுவில் தனியாக வரும் ககரத்தை மெலித்தே பழகிய நாக்கு நம்முடையது. ஹாஸ்டல் பக்கத்துப் பழக்கடைப் பாட்டியிடம் போய் ‘காகி இருக்கா’ என்று கேட்டேன். அவர் காதில் விழுந்தது சாவி.

பாட்டி பதறிவிட்டார். இந்தப் பிள்ளை சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கிறது என்று நினைத்து, கடையை விட்டு இறங்கி வாசலில் குனிந்து தேட ஆரம்பித்தார். பக்கத்து சலூன்காரரையும் கூப்பிட்டுவிட்டார். மூன்று பேரும் ஐந்து நிமிடம் தேடினோம். என்ன தேடுகிறோம் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. கடைசியில் தட்டில் இருந்த பழத்தைத் தொட்டுக் காட்டினேன். பாட்டி தரையில் உட்கார்ந்து சிரித்தார். அதன்பிறகு இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்து, சரியாகச் சொன்ன பின்தான் பழத்தைக் கொடுத்தார். மறுநாளும் போனேன். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் பெட்டி அடுக்கிக் கொடுப்பேன், அவர் வாய் ஓயாமல் பேசுவார். பேசுவது ஒசாகா வழக்கு. என் பாடப்புத்தகத்தில் ‘கூடாது’, ‘ஆகாது’ என்று நாலு விதமாக இருந்ததெல்லாம் அவர் வாயில் ஒரே ‘அகான்’தான். செந்தமிழ் படித்துவிட்டு வந்து நம்மூரில் ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ கேட்டு முழிக்கிறவர்கள் நிலைமை அப்போதுதான் புரிந்தது. நான் கற்றுக்கொண்ட ஜப்பானியத்தில் பாதி அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் கற்றது.

அதனால்தான் ஏஜென்ட் சொல்கிற பார்ட் டைம் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாணவர் விசாவில் தனியாக அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை பார்க்கலாம், நீண்ட விடுமுறையில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். மொழி பாதி தெரிந்தவர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிற வேலைகளில் ஒன்று சாப்பாட்டு டப்பா ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட். தலையில் உறை, வாயில் மாஸ்க், பெல்ட்டில் வரும் சோற்றின் மேல் ஊறுகாய் வைக்க வேண்டும். பேச்சுக்கே இடமில்லை. காலையில் வகுப்பில் தூங்கி விழுவாய். லாங்குவேஜ் ஸ்கூல் ஃபீஸ் மட்டுமே ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் யென் வரும், நம் காசில் நாலு லட்சத்தைத் தாண்டும். அறை வாடகையும் சாப்பாடும் தனி. இத்தனையையும் அடைத்துவிட்டு, ஏஜென்ட் கடனையும் அடைத்துவிட்டு, பழக்கடைப் பாட்டியோடு உட்கார்ந்து பேச உனக்கு எங்கே நேரம்?

ஒரே குடும்பம் என்கிற பேச்சு சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞரின் ஆய்விலிருந்து வந்தது. பெரிய உழைப்பாளி. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலானவர்கள் அவர் முடிவை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது உண்மை. ‘தபேதே மிரு’ என்பது அப்படியே ‘சாப்பிட்டுப் பார்’. அங்கேயும் இங்கேயும் கண்ணால் பார்ப்பதைச் சொல்லவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்கிற ‘இத்தே கிமாஸ்’ நம் ‘போயிட்டு வர்றேன்’தான், ஒரு சொல் கூடக் குறைவில்லாமல். குறில் நெடில் தெரியாத வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒபசான் என்ற அத்தையையும் ஒபாசான் என்ற பாட்டியையும் குழப்பிக்கொண்டு திண்டாடும்போது நமக்குச் சிரிப்பு வரும். மறுப்பதில் கூட நாம் சொந்தக்காரர்கள்தான். ‘தைஜோபு தேஸ்’ என்றால் பல நேரம் நம் ‘இருக்கட்டும்க்கா’. யோசித்து வைக்கிறேன் என்று ஜப்பான்காரர் சொன்னால், சம்பந்தம் பேசப் போன இடத்தில் ‘பார்ப்போம்’ என்று சொன்ன மாதிரி எடுத்துக்கொள். இதெல்லாம் உனக்குப் பாதி வழி வரை பஸ் டிக்கெட். மீதியில் காஞ்சி என்கிற, சீனத்திலிருந்து வந்த எழுத்துகள் 2136 நிற்கின்றன. (அங்கே அன்றாட உபயோகத்துக்கென்று அரசு வகுத்த பட்டியல் அது. என் அம்மா கடைசிவரை ‘கஞ்சி படிச்சியா’ என்றுதான் கேட்டார்.) காஞ்சி படிக்க ஒசாகா வேண்டாம். மாட்டுத்தாவணி பஸ்ஸில் உட்கார்ந்தும் படிக்கலாம். யென் செலவழித்து அங்கே போய் அறைக்குள் காஞ்சி எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், வயிறெரியும்.

மதுரைக்காரிக்கு ஒரு மதுரைக் கதை. 1606இல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் இங்கே வந்தார். வந்தது மதம் பரப்ப, அந்த விவகாரம் நமக்கு இப்போது வேண்டாம். அவருக்கு முன்பே ஃபெர்னாண்டஸ் என்ற பாதிரியார் ஊரில் பத்து வருடமாக இருந்தார், போர்ச்சுகீசியர் வாழ்கிற முறையிலேயே வாழ்ந்துகொண்டு. நொபிலி கொஞ்ச நாளில் அந்த வீட்டை விட்டுத் தனியாகப் போய்விட்டார். காவி கட்டினார், மரக்கறி சாப்பிட்டார், தமிழும் சமஸ்கிருதமும் தெலுங்கும் படித்தார். பிறகு தமிழில் உரைநடை நூல்களே எழுதினார், தத்துவ போதகர் என்று பெயரும் வாங்கினார். ஊர் ஒன்றுதான். குடியிருந்த வீடு வேறு. நீ போகும்போது தமிழ் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று சொல்லித் தோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் அறை பார்க்கச் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். நீ சின்ன ஊராகப் பார்.

எப்போது போவது? உன் காலேஜுக்கு ஜப்பானியப் பல்கலைக்கழகம் எதோடாவது ஒப்பந்தம் இருக்கிறதா என்று ஆபீசில் கேள். இருந்தால் பெரும்பாலும் ஃபீஸ் இங்கே கட்டுவதுதான், அங்கே தனியாகக் கட்ட வேண்டியிருக்காது. அப்படிப் போகிறவர்களில் சிலருக்கு ஜாஸோ என்ற அமைப்பு மாதம் 80,000 யென் தருகிறது. நான் அந்த வழியில்தான் போனேன். ஜப்பான் அரசே மொழி மாணவர்களை ஒரு வருடம் அழைக்கும் மெக்ஸ்ட் உதவித்தொகை ஒன்றும் உண்டு, ஆனால் அது ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ பட்டப் பாடமாகப் படிக்கிறவர்களுக்கு. பி.காமுக்குக் கிடையாது, அதைக் காட்டி யாராவது காசு கேட்டால் கொடுக்காதே. ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் டிகிரியை முடி. லாங்குவேஜ் ஸ்கூல் எங்கேயும் ஓடிவிடாது, ஏப்ரலிலும் அக்டோபரிலும் சேர்க்கை நடந்துகொண்டேதான் இருக்கும்.

அதுவரை அடுத்த நிலையான என்3 வரை ஏறு. ஆனால் அந்தப் பரீட்சையை நம்பி உட்கார்ந்துவிடாதே. அதில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. சரியான விடையைக் கறுப்பாக்குவதுதான் வேலை. செருப்பு கேட்ட அம்மாவிடம் வாய் வராததற்கு வெட்கப்படாதே, உன்னை யாரும் வாயைத் திறக்கச் சொல்லிப் பரீட்சை வைக்கவில்லை. தமிழ் கற்க ஆசைப்படும் ஜப்பான்காரர் ஒருவரை இணையத்தில் பிடி. இருக்கிறார்கள். நமக்குச் சாயங்காலம் 5.30 என்றால் அவர்களுக்கு ராத்திரி 9, வேலை முடிந்து வந்திருப்பார்கள். அரை மணி நேரம் அவர்கள் மொழி, அரை மணி நேரம் நம் மொழி. முதல் பத்து நாள் அழுகையாக வரும். சௌராஷ்டிரத்திலிருந்து தமிழுக்குத் தெருமுனையில் மாறுகிறவள் நீ, உனக்கு இந்தத் தாவல் புதிதில்லை.

உன் அப்பா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், அவர் கணக்கு எழுதுகிறவர். அந்த ஆறு லட்சத்தில் ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு, விமானம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று ஏஜென்ட்டைப் பிரித்து எழுதித் தரச் சொல்லி அவர் கையில் கொடு. முன்பணம் ஏதாவது கொடுத்துவிட்டீர்களா? கடிதத்தில் அதை எழுதவில்லை. கொடுத்திருந்தால் இந்த வாரமே போய் ரசீது வாங்கிவிடுங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா