குழந்தைகள் நலனுக்காக நின்ற தலைவர்களில் உங்களை அதிகம் கவர்ந்தவர் யார்? ஏன்?

யானுஷ் கோர்ச்சாக். போலந்தின் வார்சா நகரில் வாழ்ந்த குழந்தை மருத்துவர், எழுத்தாளர். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அவர் நடத்திய அனாதை இல்லத்துப் பிள்ளைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பியபோது, தான் மட்டும் தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்து, சுமார் 200 பிள்ளைகளோடு தானும் ரயிலேறினார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த முடிவைத்தான் சொல்கிறார்கள். எனக்கோ, அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் அவர் அந்த இல்லத்தை நடத்திய விதம்தான் பெரிதாகப் படுகிறது.

1912இல் குரோக்மால்னா தெருவில் திறந்த யூத அனாதைப் பிள்ளைகளின் இல்லம் அது. அன்றாடப் பாரத்தில் பாதிக்கு மேல் சுமந்தவர் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி. அவரும் அதே ரயிலில்தான் போனார். புகழில் மட்டும் பங்கு கிடைக்கவில்லை.

அந்த இல்லத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் ஐந்து பேரும் பிள்ளைகள். அந்த வாரம் தன்மேல் வழக்கு இல்லாதவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். சட்டத்தைக் கோர்ச்சாக் எழுதினார். அதன் முதல் 99 பிரிவுகளும் மன்னிக்கவோ வழக்கை முடித்துவைக்கவோதான். மன்னிப்பில்லாத தீர்ப்பே நூறாவது பிரிவில்தான் தொடங்கும். அதன்பின் 200, 300 என்று ஏறி, 1000இல் இல்லத்தைவிட்டு வெளியேற்றம். 900 வரை போனவனுக்கும், 'இவனுக்கு நான் பொறுப்பு' என்று யாராவது முன்வந்தால் வழி உண்டு.

ஆசிரியர்கள்மீதும் அங்கே வழக்குப் போடலாம். கோர்ச்சாக்கே அரை ஆண்டுக்குள் ஐந்து முறை குற்றவாளிக் கூண்டில் நின்றதாக எழுதியிருக்கிறார். ஒரு சிறுவனை அடித்தது, ஒரு சிறுமியைத் திருடியதாகச் சந்தேகித்தது, நீதிபதியை அவமதித்தது என்று குற்றங்கள். நம் ஊரில் ஆராய்ச்சி மணி கட்டிய சோழனைக் கொண்டாடுகிறோம். அந்தக் கதையிலும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அரசன்தான் இருந்தான். கோர்ச்சாக்கின் இல்லத்திலோ அரசன் கைகட்டி நிற்கிறான், தீர்ப்புச் சொல்வது பத்து வயதுப் பிள்ளை.

நல்ல மனம் படைத்த நிர்வாகிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய இரக்கம் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. தலைவலி வந்த நாளில் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். கோர்ச்சாக் தன் இரக்கத்தைச் சட்டமாக்கி, அதற்குத் தானும் கட்டுப்பட்டார்.

குழந்தைகளின் உரிமைகளுக்கு ஓர் உலக உடன்படிக்கை வேண்டும் என்று 1978இல் முன்மொழிந்ததும் போலந்துதான். 1989இல் ஐ.நா. அதை ஏற்றது, 1992இல் இந்தியா இணைந்தது. நம் சிறார் நீதிச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளும், ஒவ்வொரு இல்லத்திலும் குழந்தைகள் குழுவும் ஆலோசனைப் பெட்டியும் வைக்கச் சொல்கின்றன. பெட்டி அலுவலகத்தை ஒட்டி இருக்கக் கூடாது என்பதும் விதி. நான் போன ஓர் இல்லத்தில் அது கண்காணிப்பாளர் நாற்காலிக்கு நேர் பின்னால், எட்டாத உயரத்தில் தொங்கியது. பூட்டில் துரு. எந்தப் பிள்ளை போய் அதில் சீட்டுப் போடும்?

பிறந்தநாளுக்கு இல்லத்தில் சாப்பாடு போடப் போகிறவர்கள், அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். நன்கொடை கொடுப்பவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.